பாலிசியில் என் பெயர்

ஜன்னலோரம் நீங்களே இருங்கள் தம்பி. எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி. வலது கையைச் சாய்த்து வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். பின்னால் காலி சீட்டு இருக்கிறதே, இந்த ஆள் ஏன் இங்கே வந்து நெருக்குகிறார் என்று பார்க்கிறீர்கள். உங்கள் மடியில் இருக்கிற பையைப் பார்த்துத்தான் வந்தேன். குழந்தை சிரிக்கிற படம் போட்ட பை. கோயமுத்தூரில் அந்தப் பையை ஒரே ஒரு ஆஸ்பத்திரியில்தான் கொடுப்பார்கள். என் மகள் வீட்டில் பீரோவுக்கு மேலே அடுக்கி வைத்திருந்தாள். மஞ்சள் பை, ரோஸ் பை, எல்லாவற்றிலும் அதே குழந்தை, அதே சிரிப்பு.

முன்னால் பச்சைச் சுடிதார் போட்டிருக்கிறவர் உங்கள் வீட்டுக்காரம்மாதானே? ஏறியதும் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தீர்கள், பார்த்தேன். நல்லது. எங்கே இறங்குகிறீர்கள்?

திண்டலா! நானும் திண்டல்தான் தம்பி. ஈரோட்டுக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று கண்டக்டர் சொன்னார். எனக்கு அந்த ஊர் பழக்கமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை, கடைக்கு மேலே மாடி வீடு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என்ன? உங்களுக்குத் தெரிந்த கடையா? அங்கேதான் ஊசி மருந்தெல்லாம் வாங்குகிறீர்களா? கடைக்காரர் நம்பர்கூடப் போனில் இருக்கிறதா? பார்த்தீர்களா, நான் வந்து உட்கார்ந்தது வீண் போகவில்லை. இறங்கியதும் கடையைக் காட்டிவிடுங்கள். போதும்.

இந்தச் சத்தமா? ஒன்றுமில்லை, சங்கிலி. பஸ் குலுங்கும்போதெல்லாம் பைக்குள் ஆடுகிறது. பயப்படாதீர்கள், தொட்டில் சங்கிலி. நானே செய்தேன். கடையில் விற்பதெல்லாம் தகரம். என் கூட்டாளி ஒருவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாக வளைத்து, வெல்டு வைத்து, அரம் போட்டு ராவி எடுத்தேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு. தூக்கிப் பாருங்கள். கனம் தெரிகிறதா? குழந்தை என்ன, ஆளையே தொங்கவிடலாம்.

என் பெயர் நாச்சிமுத்து. பம்ப் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவன். அதிகம் படிக்கவில்லை. ஆனால் யோசிக்கிறவன் தம்பி. ஒரு காரியம் நடந்துவிட்டால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்கே தப்பு, யார் தப்பு, நான் எதையாவது வேறு மாதிரிச் செய்திருக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். மெஷின் நின்றுபோனால் எந்தப் பாகத்தால் நின்றது என்று பார்ப்பதில்லையா, அதுபோல.

உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? கம்பெனி கொடுத்ததா? குழந்தை வைத்தியத்துக்கும் சேர்த்தா? சரி. அதில் யார் யார் பெயர் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில். உங்கள் மாமனார் பெயர் இருக்கிறதா?

இருக்கிறதா! அப்படியென்றால் எடுக்காதீர்கள். யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். ஏன் சொல்கிறேன் என்று கேளுங்கள். அவிநாசி இப்போதுதான் தாண்டியது, நேரம் இருக்கிறது.

என் மகள் சுகன்யா சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரே மகள். மாப்பிள்ளை பெயர் மதிவாணன். ஈரோட்டுக்காரர். ஒரு டூவீலர் ஷோரூமில் கணக்குப் பார்க்கிறவர். கல்யாணம் ஆகி அஞ்சாறு வருஷமாகியும் குழந்தை இல்லை. அவள் கம்பெனியில் எல்லாருக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். பல பாலிசியில் குழந்தை இல்லாததற்கான வைத்தியத்தைச் சேர்க்க மாட்டார்களாம். இந்தக் கம்பெனி சேர்த்திருந்தது. டெஸ்ட் டியூப் வரைக்கும் உண்டு. சுகன்யா அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே தம்பி, பத்தாவதில் மார்க் வாங்கி வந்தபோது இருந்த முகம்.

அந்தப் பாலிசியில் ஒரு விதி. புருஷன் பெண்டாட்டி போக, இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாம். பெற்றவர்களைச் சேர்க்கலாம், இல்லையென்றால் மாமனார் மாமியாரைச் சேர்க்கலாம். யாரையும் சேர்க்காமலும் விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள்.

"அப்பா, இந்த வருஷம் நாங்க ரெண்டு பேரு மட்டும் இருந்துக்கறோம். எல்லாருக்கும் சேத்து ஒரே தொகைதானுங்கப்பா. யாரு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதுலிருந்துதான் கழியும். வைத்தியத்துக்கு முழுசா வேணும்."

"அப்ப நானும் உங்கம்மாவும் ரோட்ல கெடந்து சாகோணுமா?"

"அப்படி இல்லீங்கப்பா. உங்களுக்குத் தனியா ஒண்ணு எடுத்துத் தர்றேன்."

தனியா. கேட்டீர்களா அந்த வார்த்தையை? பெற்றவனைத் தனியாக வைப்பாளாம். என் கையில் சாம்பார் கிண்ணம் இருந்தது, அதை வீசினேன். சுவரில்தான். யார் மேலும் இல்லை. மாப்பிள்ளை சட்டையில் தெறித்தது என்றால், அவர் சுவரோரம் உட்கார்ந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? "பரவாயில்லீங்க மாமா" என்று துடைத்துக்கொண்டார். சுகன்யா இடது கையில் போனை எடுத்து ஏதோ தட்டினாள். "போட்டாச்சுங்கப்பா. உங்க பேரும் அம்மா பேரும்" என்றாள். நான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன். ஒரு குடும்பம் என்றால் ஒரே தொகையில் இருக்க வேண்டும். அது தப்பா? நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், தப்பாகத் தெரியவில்லை.

கோபக்காரன் என்று என்னைச் சொல்வார்கள். ஆனால் பெண்களை நான் அடித்ததே இல்லை தம்பி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துளசிமணியை, அதாவது என் வீட்டுக்காரியை, கட்டிய நாளிலிருந்து கைநீட்டி அடித்ததில்லை. தள்ளுவது வேறு. தள்ளுவதை எல்லாம் அடிப்பது என்று சொன்னால் எந்த வீட்டில் குடித்தனம் நடக்கும்?

ஆடி மாசம் சுகன்யாவும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்டெல்லாம் எடுத்தார்கள். யாரிடம் குறை என்று எனக்குச் சொல்லவில்லை. பெற்றவனுக்குத் தெரிய வேண்டாமா? நானே டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்கிறேன் என்று சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். துளசிமணி பின்வாசலில் வந்து, கதவுக்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, போகாதீங்க. அது அவங்க ரெண்டு பேரு சமாச்சாரம்."

"நகரு."

"உங்க கால்ல வேணாலும் விழுகறேனுங்க. அந்தப் புள்ளையை நிம்மதியா விடுங்க."

நகர்த்தினேன். நகர்த்தினேன் என்றால், தோளில் கையை வைத்து. அவள் எடை ரொம்பக் கம்மி. பின்பக்கமாகப் போய்த் துவைக்கிற கல்லில் விழுந்தாள். காய்ந்த முருங்கைக் கொப்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே தோல் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று. அந்த அளவுக்கு மானம் பார்க்கிறவள். நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். நான்தான் தம்பி, வேறு யார்?

பிளேட் வைத்தார்கள். சுகன்யாவின் இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்டினோம், வேலை முடிந்தது. அப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒருத்தன் எப்படி அடிபட்டது என்று விசாரிக்க வீட்டுக்கு வந்தான். "அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சுகன்யாவே சொன்னாள். அவனிடம் சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். அவன் போனதும் சமையலறைக்குள் அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"அம்மா, நெசமாலுமே வழுக்கித்தான் விழுந்தியா?"

"ஆமா கண்ணு. கல்லெல்லாம் பாசி."

எனக்கு அதுதான் தாங்கவில்லை. எங்கள் வீட்டுக் கல்லில் பாசியே கிடையாது. வாரம் தவறாமல் பிரஷ் போட்டு நான்தான் தேய்க்கிறேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கேட்கிறீர்களா? முன்னால் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். வீட்டுக்காரம்மா தூங்குகிறார், பாருங்கள். தூங்கட்டும். வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அசதி இருக்கும்.

குறை யாரிடம் என்று கடைசியில் துளசிமணிதான் வாயை விட்டாள். மாப்பிள்ளையிடம். விந்தணு கவுண்ட் கம்மியாம். சுகன்யாவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத என் மகள் வயிற்றில் தினமும் ஊசி குத்திக்கொள்கிறாள், தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்துக் கிடக்கிறது. குறை இருக்கிற ஆள் ஏசி ரூமில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். உங்களிடம் கேட்கிறேன், எந்த அப்பன் பொறுத்துக்கொள்வான்? உங்களுக்கு என்ன, உங்களிடமா குறை, அவரிடமா? சரி, சொல்ல வேண்டாம். முகம் ஏன் அப்படிப் போகிறது? சும்மா கேட்டேன்.

ஷோரூமுக்குப் போனேன். புது வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். யாரோ ஒரு குடும்பம் வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தது. "மதிவாணா, வெளியே வாடா" என்றேன். வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்க மாமா. உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"எதுக்கு உள்ள? உன்ற லட்சணம் இங்கிருக்கறவங்களுக்கும் தெரியட்டும்."

"மாமா, கஸ்டமர் இருக்காங்க. சாயங்காலம் வீட்டுக்கே வர்றேனுங்க."

"என்ற மகளை மலடின்னு ஊரு பேசறப்ப நீ வாயை மூடிட்டிருந்தியே, அப்ப எங்கடா போச்சு?"

அவர் தலையைக் குனிந்து நின்றார். குனிந்து நிற்கிறவனைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஏறும் தம்பி. என் உடம்பு அப்படி. முழு பலத்தையும் சேர்த்து முகத்துக்கு ஒரு குத்து விட்டேன்.

விலகிவிட்டார்.

அதுதான் நடந்தது. அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், என் கை பின்னால் இருந்த தூணில் போய் இறங்கியது. கான்கிரீட் தூண். மேலே வழவழவென்று கல் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கல்லே விரிந்துவிட்டது. என் மணிக்கட்டு, விரல் முட்டி, எல்லாம் போனது. கை திரும்பிக்கொண்டு நின்றது, என் கையே இல்லாத மாதிரி. மாலை போட வந்த அந்தப் பொம்பளை அலறினாள். கீழே உட்கார்ந்துவிட்டேன். மதிவாணன்தான் தன் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றிக் கட்டினார். அவரே வண்டியில் வைத்துக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் "ஸ்கூட்டர்லிருந்து விழுந்துட்டாருங்க" என்று அவரே சொன்னார். பனியனோடு நின்று சொன்னார். அந்த அளவுக்கு நல்லவர்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நான் யோசிக்கிறவன் என்று சொன்னேனே. அவர் மட்டும் நின்று அந்த ஒரு அடியை வாங்கியிருந்தால்? ஒரு பல் போயிருக்கும். உதடு கிழிந்திருக்கும். மஞ்சள் பத்துப் போட்டால் ஆறிவிடும். இன்ஷூரன்ஸ் வரைக்கும் போகவே போகாது. அவர் விலகினதால்தானே என் கைக்கு இரண்டு பிளேட்டும் திருகாணியும் வைக்க வேண்டி வந்தது? அந்தச் செலவு எங்கிருந்து போனது? சுகன்யா சொன்னாளே, ஒரே தொகை, அதிலிருந்துதானே? இன்றைக்கு வரைக்கும் இதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. துளசிமணியிடம் சொன்னேன், அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இந்தக் கைதான். கொடுங்கள் உங்கள் கையை. இப்படி. வலிக்கிறதா? பிளேட் வைத்த கையில் இவ்வளவு பிடி இருக்கிறது பாருங்கள். சும்மா இருங்கள், விடுகிறேன். மழை வந்தால் உள்ளே திருகாணி குடைகிறது. ஆனால் பிடி போகவில்லை.

அப்புறம் ஐப்பசி. முட்டை எடுக்கிற நாள் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு ஊசி போட்டுவிட்டு, அதற்குப் பிறகு சொன்ன நேரத்தில் எடுத்தாக வேண்டும். சுகன்யா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காலையில் வந்து உட்கார்ந்திருந்தாள். என்னை வரச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். கையைத் தூளியில் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். மகள் ஆபரேஷனுக்குப் படுக்கிறாள், அப்பன் வீட்டில் உட்கார்ந்திருப்பானா?

இன்ஷூரன்ஸ் மேஜையில் ஒரு பையன். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஆரோக்கியராஜ் என்று போட்டிருந்தது. மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி முகம். அவன் ஸ்கிரீனைப் பார்த்தான், சுகன்யாவைப் பார்த்தான், திரும்பவும் ஸ்கிரீனைப் பார்த்தான்.

"மேடம், அப்ரூவல் வரலீங்க."

"போன வாரம் அனுப்பினதுதானே? எல்லா ரிப்போர்ட்டும் குடுத்தேனே?"

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லீங்க. உங்க பாலிசில இந்த வைத்தியம் இருக்கு. ஆனா இந்த வருஷத்துக்குத் தொகையே மீதி இல்லீங்க. ஏற்கெனவே ரெண்டு கிளெய்ம் போயிருச்சு. ஒண்ணு அம்மாவுக்கு, தோள்பட்டை. இன்னொண்ணு அப்பாவுக்கு, கை."

கை என்று சொல்லும்போது பேனாவை நீட்டி என் கையைக் காட்டினான் தம்பி. அந்தப் பேனாவை இப்போதும் பார்க்கிறேன். நீலப் பேனா, மூடி கடித்து வைத்திருந்தது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், திருடனைக் காட்டுகிற மாதிரி. சுகன்யா அந்தப் பேனா போன திசையில் பார்த்தாள். மதிவாணன் "பரவாயில்ல, நான் கட்டிக்கறேன், கார்டு எடுத்துக்குங்க" என்று பர்சைத் திறந்தார். அவர் திறந்தது உண்மை. ஆனால் என் காதில் அதெல்லாம் ஏறவில்லை.

பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி. இடது கையால் தூக்கினேன். இடது கையில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. முதல் அடி கம்ப்யூட்டரில் விழுந்தது. இரண்டாவது அவன் நெற்றியில். நாற்காலிக் கால் பட்டுப் புருவம் பிளந்துகொண்டது. அவன் மேஜைக்கு அடியில் புகுந்தான். நான் மேஜையைக் கவிழ்த்தேன். அப்போதும் அவன் "சார், சார்" என்றுதான் சொன்னான். தரையெல்லாம் ரத்தம், அதில் குழந்தை படம் போட்ட பைகள் மிதந்தன. வாட்ச்மேன் இரண்டு பேர் வந்து என்னை முழங்காலில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

சுகன்யா என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். அவள் தரையில் மண்டி போட்டு, துப்பட்டாவைச் சுருட்டி அந்தப் பையன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "கண்ணைத் தொறந்து பாரு தம்பி, என்னைப் பாரு" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நர்ஸுகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இந்த ஆளைச் சேர்ந்தவங்களுக்கு நாங்க பார்க்க மாட்டோம் என்று. போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் என்னைச் சட்டையைக் கழற்றி உட்கார வைத்தார்கள். பையன் வீட்டில் எழுதிக் கொடுத்தால் கேஸ் ஆகிவிடும், உள்ளே போக வேண்டியதுதான், யாராவது போய்ப் பேசுங்கள் என்று எஸ்.ஐ. சொன்னார். சுகன்யா பேசினாள். துப்பட்டா இல்லாமல், சுடிதாரில் ரத்தத்தோடு, வெறும் வயிற்றில் நின்று அந்தப் பையனுடைய அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பொம்பளை கடைசியில் இரங்கினாள்.

அவள் வந்தாள் தம்பி. அதை நான் மறக்க மாட்டேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் அப்பனுக்கு ஒன்று என்றால் மகள் வந்து நிற்கிறாள் பாருங்கள். ஸ்டேஷன் படியில் இறங்கும்போது எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்திருந்தது. மதிவாணன் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நேரம் தாண்டிருச்சுங்க மாமா."

எந்த நேரம் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அப்புறம்தான் டாக்டரம்மா சொன்ன நேரம் என்று தெரிந்தது. தாண்டினால் எல்லாம் உள்ளேயே உடைந்து வீணாகிவிடுமாம். அத்தனை ஊசியும் வீண். சரி, அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சுகன்யா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். நான் ஏற இடம் இருந்தது. ஆட்டோ கிளம்பிவிட்டது.

அதோடு அவர்கள் ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். துளசிமணி ஒரு நாள், "ரெண்டு நாள்ல வந்துடறேனுங்க" என்று போனாள். ரெண்டு நாளைக்குப் போகிறவள் பெரிய பையை எடுத்துக்கொண்டு போகிறாளே என்று நான் யோசித்திருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. போனைப் போட்டால் எடுப்பதில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். சித்திரையில் கை குடைச்சல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கார்டை நீட்டினேன். அந்தப் பெண் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஐயா, இதுல உங்க பேரு இல்லீங்களே."

"நல்லாப் பாரும்மா. நாச்சிமுத்து."

"போன வருஷம் இருந்திருக்குங்க. இந்த வருஷம் ரெண்டு பேர் மட்டும்தான். சுகன்யா, மதிவாணன்."

துளசிமணி பெயர்? அதையும் கேட்டேன். அவளுக்குத் தனியாக ஒன்று எடுத்திருக்கிறாள் என்று பிற்பாடு தெரிந்தது. அவளுக்குத் தனியாக உண்டு. எனக்குத் தனியாகவும் இல்லை, சேர்த்தும் இல்லை. அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை யாரும் பார்த்திருக்கக் கூடாது தம்பி. இடுகாட்டில் பெயர் எழுதுகிறார்கள். உயிரோடு இருக்கிறவன் பெயரை எடுத்துவிடுகிறாள் என் மகள்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் துளசிமணியின் சித்தி மகனைப் பார்த்தேன். விஷயம் தெரியாமல் வந்து கையைக் குலுக்குகிறான். "தாத்தா ஆகப் போறீங்க மாமா, ஏழாம் மாசமாமே." அப்போதுதான் எனக்குத் தெரியும். புது வருஷத்துத் தொகையை முழுசாக வைத்துக்கொண்டு, ஈரோட்டிலேயே வேறு ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்கள். முதல் தடவையிலேயே கரு தங்கிவிட்டது. நான் இல்லாமல். என் பெயர் இல்லாத பாலிசியில் என் பேரன் வருகிறான். மாடி வீடு, மருந்துக்கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவன் வாயிலிருந்து வாங்கியதுதான். கொஞ்சம் அழுத்திக் கேட்டேன், சொல்லிவிட்டான்.

அதனால்தான் போகிறேன். சண்டை போட இல்லை தம்பி. ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். என் பெயரை ஏன் எடுத்தாய்? அவ்வளவுதான். அவள் பதில் சொல்லட்டும். துளசிமணி வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்காமல் இருந்தால் போதும், மாடிப்படி வேறு இருக்கிறது. மதிவாணன் இந்தத் தடவை விலகாமல் நின்றால் போதும். கேட்டுவிட்டு, இந்தச் சங்கிலியை நானே விட்டத்தில் மாட்டி, நானே தொங்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். ஒன்றே ஒன்றுதான் தட்டுப்படுகிறது. அந்த ஷோரூமில் இடது கையால் குத்தியிருக்க வேண்டும். அவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார், விலகியிருக்க மாட்டார்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? இது பெருந்துறை. திண்டல் இன்னும் வரவில்லை. உட்காருங்கள். வீட்டுக்காரம்மாவுக்கு வாந்தி வருகிறதா? அவர் தூங்கிக்கொண்டுதானே இருந்தார்? தம்பி, உட்காருங்கள் என்கிறேன். சரி, சரி, சட்டையை விட்டேன், எதற்குச் சத்தம் போடுகிறீர்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். நான் என்ன செய்தேன்? பேசிக்கொண்டுதானே வந்தோம்? அந்தக் கடை எந்தப் பக்கம் என்று மட்டுமாவது சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாதா? ஏறும்போது தெரியும் என்றீர்களே? நம்பர்கூட இருக்கிறது என்றீர்களே?

கண்டக்டர், ஒரு நிமிஷம் விசில் அடிக்காதீர்கள். தம்பி! ஜன்னல் பக்கம் வாங்கள். பையை விட்டுவிட்டுப் போகிறீர்கள், உங்கள் மருந்துப் பை! வேண்டாமா? எதற்கு அந்தப் பெண்ணை அப்படி இழுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள்? யாருக்குப் போன் போடுகிறீர்கள்? மருந்துக்கடைக்கா?

மருந்துக்கடைக்கா தம்பி? நல்லதாகப் போயிற்று. மாடியில் இருக்கிறவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்பா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், கதவைத் திறந்து வைக்கச் சொன்னார் என்று சொல்லச் சொல்லுங்கள்!